பட்டப்பகலில் மணியடித்த ஆள்

பிள்ளைகளா, போன சனிக்கிழமை காரில் வரும்போது நீங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து நம் ஊரைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். "திஸ் டவுன் இஸ் ஸோ போரிங்" என்று பெரியவள் சொன்னாள். இங்கே திருடன்கூட வர மாட்டான் என்று சின்னவன் சொன்னான். ட்ரெயின் பிடிப்பதற்காகவே மனுஷர்கள் தங்கியிருக்கிற ஊர் அப்படித்தான் தோன்றும். நானும் உங்கள் வயதில் இதே மாதிரி ஓர் ஊரில்தான் வளர்ந்தேன். ஆனால் எனக்குப் போரடித்ததே இல்லை. அங்கே எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தோம். சந்தேகம் இருக்கிற வீட்டில் பொழுது நன்றாகப் போகும்.

அதில் ஒரு நாள் நடந்ததை எழுதுகிறேன். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. காலேஜை நடுவில் விட்டுவிட்டு, ஹீட்டரும் ஏசியும் ரிப்பேர் பார்க்கக் கற்றுக்கொண்டு வேனில் ஏறினவன். என் தமிழும் சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிச் சொல்லி வந்த தமிழ்தான். தப்பு இருந்தால் உங்கள் அம்மா திருத்துவாள். புரியாத இடத்தை அவளே வாசித்தும் சொல்வாள்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேக்குக் கொஞ்ச தூரத்தில், ட்ரெயின் லைன் ஓரமாக ஓர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். தூத்துக்குடியிலிருந்து வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். குளிர்காலத்தில் அந்த ஊர் விடிவதற்கு முன்பே ஒரு சத்தம் கேட்கும். சர்ர், சர்ர் என்று கார்க் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டுகிற சத்தம். ஒரு கார் சுரண்டி முடிக்கும்போது அடுத்த கார் ஆரம்பிக்கும். அதெல்லாம் நின்றுபோனால் ஊரிலுள்ள அப்பாக்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். நியூயார்க் போகிற வண்டி அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும். இருட்டிய பிறகுதான் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும்.

அதனால் பகலில் அந்த ஊரில் ஆம்பிளை வாசனையே இருக்காது. தபால்காரர் வருவார். எப்போதாவது குழாய் ரிப்பேர் பார்க்கிறவர் வருவார். அவ்வளவுதான். வேறு யாராவது ஓர் ஆம்பிளை பார்க்கிங்கில் நடந்து போனால் ஜன்னலுக்கு ஜன்னல் திரை விலகும். உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, இல்லை வேறு ஏதாவதா என்று சாயங்காலத்துக்குள் மூன்று கதை கிளம்பிவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் முகம் எங்களுக்குத் தெரியாது. அவருடைய கார் தெரியும். கார் நிற்கக்கூடாத நேரத்தில் நின்றால் அவரைச் சந்தேகப்படுவோம்.

இந்தச் சந்தேகத்தில் எங்கள் வீட்டுக்குப் பெரிய பங்கு இருந்தது. காரணம், உங்கள் ஆச்சி, அதாவது என் அம்மா, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரெயின் பிடிக்கிற அம்மாக்கள் விடியும் முன்பே பிள்ளைகளைப் போர்வையோடு சுருட்டிக் கொண்டுவந்து எங்கள் சோபாவில் கிடத்திவிட்டு ஓடுவார்கள். அதுகள் தூங்கிக்கொண்டே வந்து, எங்கள் வீட்டில் கண் விழித்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, விளையாடி, மறுபடி சொக்குகிற நேரத்துக்கு வீடு திரும்பும். அம்மா இதை வேலை என்று சொல்ல மாட்டாள். அவளுடைய விசாவில் வேலை பார்க்கக் கூடாது. "சும்மா ஒரு ஒத்தாசைக்குப் பாத்துக்கிடுதேன்" என்பாள். அப்பா மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை எச்சரிப்பார், தெரியாத ஆள் யார் வந்து மணியடித்தாலும் பேச்சுக் கொடுக்காதே, கவர்ன்மென்ட் ஆளாக இருக்கும் என்று. ஆகவே ஸ்கூல் விட்டு வந்ததும் வாசல் என் பொறுப்பு. ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கதவிலிருக்கிற ஓட்டை வழியாகப் பார்ப்பேன். தெரிந்த அம்மா என்றால் சங்கிலியைக் கழற்றுவேன். தெரியாதவர் என்றால் குரலைத் தடியாக்கிக்கொண்டு "ஹூ இஸ் இட்?" என்பேன். அந்த உத்தியோகத்தில் எனக்கு ரொம்பப் பெருமை.

எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைகளில் பாப்பு என்று ஒருத்தி. மூன்று வயது ஆகவில்லை. அந்தக் காலத்தில் நம் ஆட்களில் பலர் செய்ததைத்தான் அவளுடைய அம்மாவும் அப்பாவும் செய்திருந்தார்கள். இங்கே பிறந்த கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் மதுரையில் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே நடக்கவும் பேசவும் பழகி, அந்த வருஷக் கோடை முடிகிற சமயத்தில்தான் அவளுடைய அம்மா போய்க் கூட்டி வந்தாள். வந்த மறுவாரமே எங்கள் சோபாவுக்கு வந்துவிட்டாள். கொண்டுவந்து விடுவதும் அம்மா. கூட்டிப்போவதும் அம்மா. அப்பா என்று ஒருவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவர் பேரும் தெரியாது. பாப்புவின் அம்மா புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். "அவருக்குப் புது ப்ராஜெக்ட் ஆன்ட்டி, சனி ஞாயிறுகூட ஆபீஸ்தான்" என்பாள். எல்லாமே அவரு, அவருக்கு, அவரோட.

மேல் வீட்டு ஆன்ட்டிக்கு இது பிடிக்கவில்லை. அவர் நெல்லூர்க்காரர். சென்னையில் வளர்ந்ததால் தமிழில் வெளுத்து வாங்குவார். ஒரு நாள் எங்கள் சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு கூட ஹஸ்பெண்ட் இல்ல. எங்கியோ சண்டை போட்டுட்டு வந்திருக்கா. கொழந்தைய ஒளிச்சு வச்சிருக்கா. அந்தாளு ஒரு நாள் தேடிட்டு வருவான் பாருங்க."

"சும்ம கெட, அப்படில்லாம் சொல்லாத" என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, பாப்புவை அவள் அம்மாவைத் தவிர வேறு யார் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தாள்.

தேடிக்கொண்டு வந்தானே!

வானம் சாம்பல் பூசிக் கிடந்த ஒரு பிற்பகல். நான் ஸ்கூலிலிருந்து வந்து பையைப் போட்டிருந்தேன். அம்மா காலிங் கார்டு போட்டு தூத்துக்குடியில் சித்தியோடு ஒரு கல்யாணச் சண்டையைப் பேசித் தீர்த்துவிட்டு அப்போதுதான் போனை வைத்தாள். மணி அடித்தது. ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். கறுப்பு ஜாக்கெட், தலைமேல் அதோடு சேர்ந்த தொப்பி. ஒரு கன்னம் மட்டும் பன் மாதிரி வீங்கியிருந்தது. வாயோரமாக ஒரு டிஷ்யூவை அழுத்திப் பிடித்திருந்தான். டிஷ்யூவில் ரத்தம்.

"ஹூ இஸ் இட்?" என்று கேட்டேன். குரல் தடியாக வரவில்லை.

"தம்பி, தமிழா? நான் பாப்புவோட அப்பா. அவளக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு பேசியதால் எல்லாம் குழறலாக வந்தது. குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். தமிழ் பேசியது இன்னும் மோசமாகப் பட்டது. தெரியாத வெள்ளைக்காரன் என்றால் ஏதோ விற்க வந்தவன் என்று விட்டுவிடலாம். தெரியாத தமிழ் ஆள் பட்டப்பகலில் எதற்கு வருகிறான்?

அம்மா என் பின்னால் வந்து நின்றாள். "இங்க பாப்பு கீப்புன்னு யாரும் இல்லன்னு சொல்லுல" என்று கிசுகிசுத்தாள்.

நான் சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள் உள்ளே பாப்பு ஒரு தட்டில் கரண்டியால் டங் டங் என்று அடித்து "ஆச்சீ, பசிக்குது!" என்று கத்தினாள்.

வெளியே ஷூ சத்தம் கதவை நெருங்கியது. பிறகு அந்த ஆள், "அது... அவ குரலா?" என்று கேட்டான்.

"அது டி.வி.!" என்றாள் அம்மா, நேரே கதவைப் பார்த்து.

கவனியுங்கள் பிள்ளைகளா. அது அவள் குரல் என்று அவன் சொல்லவில்லை. அவள் குரலா என்று எங்களிடமே கேட்டான். எந்த அப்பாவாவது அப்படிக் கேட்பானா? நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தாள்.

அவன் சொன்ன கதை இதுதான். பல் பிடுங்குவதற்காக மத்தியானமே ஆபீஸிலிருந்து கிளம்பி முந்தின ட்ரெயினில் ஊர் வந்துவிட்டானாம். அதற்குப் பிறகு லைனில் கரண்ட் போய்விட்டதாம். மனைவி வந்த வண்டி டனலுக்குள் நுழையும்போதே தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்ததாம். அவள் எங்களுக்கு அடித்து அடித்துப் பார்த்து, லைன் கிடைக்காமல், கடைசியில் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள், நீயே போய்க் கூட்டிக்கொள் என்று. இப்போது ஆற்றுக்கு அடியில் போகிற அந்த டனலுக்குள் நிற்கிறாளாம். போன் போகாதாம்.

அம்மா அவள் செல்போனுக்கு அடித்துப் பார்த்தாள். மணியே போகாமல் மெசேஜ் விடச் சொன்னது. போன் போகாது என்று முன்னாலேயே சொல்லி வைக்கிறவனை எப்படி நம்புவது?

"ஐடி இருந்தா காட்டுங்க" என்றேன். டி.வி.யில் போலீஸ்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். சங்கிலியை மாட்டியபடியே கதவைக் கையளவு திறந்தோம். லைசென்ஸை நீட்டினான். அதில் அவன் பேரும் அவனுடைய அப்பா பேரும் ஒட்டி நீளமாக இருந்தன. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"இது யாரு பேரு?" என்றாள் அம்மா.

"என் பேருதாங்க."

"நீங்க பாப்பு அப்பான்னு இதுல எங்க போட்டிருக்கு?"

அவன் பர்ஸைத் துழாவி ஒரு போட்டோ எடுத்தான். துணியில் சுற்றிய கைக்குழந்தை, கண் மூடி, சிவப்பாக. அது பாப்புவாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

அதற்குள் மேல் வீட்டு ஆன்ட்டி பாதிப் படி இறங்கி வந்துவிட்டார். கையில் போன். "அக்கா, தொறக்காதீங்க. நான் போலீஸுக்கு அடிக்கறேன்" என்றார்.

அந்த ஆள் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஐயோ, வேணாங்க. போலீஸ் வந்தா இவங்களுக்குத்தான் பிரச்சினை."

கேட்டீர்களா? மிரட்டுகிறான்! எங்கள் வீட்டு விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவின் கை என் தோளில் இறுகியது. போலீஸ் வந்தால் இத்தனை பிள்ளைகள் யார் என்று கேட்பார்கள். அம்மா மாட்டிக்கொள்வாள். அப்பாவின் விசாவுக்கும் ஏதாவது ஆகும். போலீஸ் வராவிட்டால் பாப்பு போய்விடுவாள். உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகுதான் அந்த யோசனை வந்தது. பரீட்சை வைப்போம்.

"பாப்பு மத்தியானம் என்ன சாப்பிடுவா?" என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டேன்.

"பருப்பு சாதம்" என்றான் உடனே.

தப்பு. பருப்பைக் கண்டால் அவள் துப்புவாள். ரசத்தில் பிசைந்து அப்பளத்தை நொறுக்கிப் போட்டால்தான் இறங்கும்.

"அவளுக்குப் பிடிச்ச பொம்மை?"

"பொம்மை... ஒரு கரடி. பெருசு. நான்தான் வாங்கினேன்."

அதுவும் தப்பு. அவளுக்குப் பொம்மையே பிடிக்காது. எங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டியைத்தான் தூக்கிக்கொண்டு அலைவாள்.

"தண்ணி வேணும்னா எப்படிக் கேட்பா? எந்தப் பாட்டுப் போட்டா ஆடுவா? யாரைக் கண்டா பயப்படுவா?"

அவன் டிஷ்யூவை எடுத்துவிட்டு வாயைத் திறந்தான், மூடினான். கண் மட்டும் அங்கும் இங்கும் போனது. மேல் வீட்டு ஆன்ட்டி, "பாத்தீங்களா? ஒண்ணுமே தெரில. சொன்னேன்ல?" என்று போனைத் தூக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குற்றவாளியை நான் ஒருத்தன் தனியாகப் பிடித்துவிட்டேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றான் அந்த ஆள். கோபமாகத்தான் ஆரம்பித்தான். "நான் கெளம்பறப்போ தூங்கிட்டு இருக்கா. வர்றப்போ தூங்கிட்டு இருக்கா."

மேல் வீட்டு ஆன்ட்டி நம்பர் அழுத்த ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், பொறு என்கிற மாதிரி. பிறகு என்னை ஸ்டூலோடு ஓரமாகத் தள்ளிவிட்டு, கதவிடுக்கில் தானே நின்றாள்.

"எப்படித் தூங்குவா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"பாப்பு. தூங்கும்போது எப்படிக் கெடப்பா?"

இது ஒரு கேள்வியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. தூங்குவதில் என்ன எப்படி? கண்ணை மூடிக்கொண்டு தூங்குவாள்.

அந்த ஆள் யோசிக்கவே இல்லை. "குப்புறப் படுத்துப்பா. முட்டிய மடக்கி, பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு, தவளை மாதிரி. ஒரு கையால தன் காதப் புடிச்சுக்குவா. கம்பளி போத்தினா எத்துவா, கால் வெளிய இருக்கணும். விடியறதுக்கு முன்னாடி, நான் சாக்ஸ் போடற நேரம், தூக்கத்துல ஒரு சிரிப்பு சிரிப்பா. எதுக்குன்னே தெரியாது. உள்ளங்கையில வெரல வச்சா புடிச்சுக்குவா. அப்புறம் விடமாட்டா. அவளா விடற வரைக்கும் உக்காந்திருக்கணும். ரெண்டு தடவை ட்ரெயினை விட்டுட்டேன்."

பஞ்சு வைத்த வாயால் அவ்வளவும் சொன்னான். சொல்லி முடித்து, இவ்வளவு பேசியதற்கு வெட்கப்பட்ட மாதிரி டிஷ்யூவை மறுபடி வாயில் வைத்துக்கொண்டான்.

அம்மா சங்கிலியைக் கழற்றினாள்.

"அக்கா!" என்று மேல் வீட்டு ஆன்ட்டி கத்தினார். நானும் கத்தினேன். என்ன அநியாயம் இது? நான் கேட்ட அத்தனைக்கும் தப்பு. ஸ்கூலில் என்றால் பெரிய எஃப் போட்டு அனுப்புவார்கள். அம்மா கேட்டதோ யார் வேண்டுமானாலும் இட்டுக்கட்டிச் சொல்லக்கூடியது. "உள்ள வாங்க தம்பி. வெளிய குளுருது" என்கிறாள்!

ஆனால் நான்தான் சரி என்று பாப்புவே நிரூபித்தாள். அவன் ஷூவைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் வந்து, குனிந்து, "பாப்பு" என்று கையை நீட்டினான். பாப்பு கரண்டியோடு அப்படியே நின்றாள். வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். பிறகு உதடு பிதுங்கியது. "யாரு இந்த மாமா? இந்த மாமா வேணாம்! போகச் சொல்லு!" என்று வீறிட்டுக்கொண்டு ஓடிச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

"பாத்தியாம்மா?" என்றேன்.

"வாய மூடுல" என்றாள் அம்மா. அவ்வளவு கோபமாக அவள் என்னிடம் பேசியது அபூர்வம்.

அந்த ஆள் நீட்டின கையை மடக்கி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சுற்றிலும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தன. அம்மா கஞ்சியை ஆற்றி ஒரு டம்ளரில் கொடுத்தாள். பல் பிடுங்கின பக்கம் படாமல் சாய்த்துச் சாய்த்துக் குடித்தான். நான் பிளாஸ்டிக் பேஸ்பால் மட்டையை எடுத்து வந்து மேஜைக்குப் பக்கத்தில் காவல் நின்றேன். வேறு பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் ஒவ்வொருவராக எங்கள் ஹாலில் ஓர் ஆம்பிளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார்கள். "பாப்பு அப்பா" என்று அம்மா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒருத்தி, "ஓ, ரியலி?" என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் பிள்ளையைச் சற்று அவசரமாகவே தூக்கிக்கொண்டு போனாள்.

நன்றாக இருட்டிய பிறகு போன் வந்தது. பாப்புவின் அம்மா. வண்டி ஒரு வழியாக டனலைவிட்டு வெளியே வந்திருந்தது.

"ஆமாம்மா, வந்துட்டாவ. இங்கதான் இருக்காவ. கஞ்சி குடிச்சாவ. பிள்ளையா? பிள்ளைக்கென்ன, நல்லா இருக்கா. நீ பதறாம வா" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "மட்டைய உள்ள கொண்டு வை" என்றாள்.

ஆக, அவர் பாப்புவின் அப்பாதான். இந்த இடத்திலிருந்து நானும் மரியாதையாகவே எழுதுகிறேன்.

பாப்பு அதற்குள் மேஜைக்கு அடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். எட்டிப் பார்த்தேன். குப்புற, முட்டியை மடக்கி, ஒரு கை காதில். கரண்டி பக்கத்தில் கிடந்தது. அம்மா, "தூங்கிட்டால்லா, இனி தூக்குங்க" என்றாள். அவர் தவழ்ந்து உள்ளே போனார். அதுவரை எதையும் சரியாகச் செய்யத் தெரியாமல் இருந்த மனுஷர், அதை மட்டும் அவ்வளவு லாவகமாகச் செய்தார். வயிற்றுக்கு அடியில் ஒரு கை, நெற்றி மேஜையில் இடிக்காமல் ஒரு கை. அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவளுடைய கை தூக்கத்திலேயே காற்றில் தடவியது. தன் காதுதான் பழக்கம். அன்றைக்கு அவர் காது அகப்பட்டது. பிடித்துக்கொண்டாள்.

அவர் நகரவில்லை. வாசல் பக்கம் போக வேண்டியவர், ஹால் நடுவில் அப்படியே நின்றார். வீங்காத கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

நான் சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, அந்த அங்கிளுக்குப் பல் ரொம்ப வலிக்கு போல. மாத்திரை குடு."

அம்மா எட்டிப் பார்த்தாள். "அதுக்கு மாத்திரை கேக்காதுல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். வலி என்கிறவருக்கு ஒரு மாத்திரை கொடுக்க இவளுக்கு என்ன என்று நினைத்தேன்.

பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாமதமாக வந்த வண்டி ஊரை இறக்கிவிட்டிருந்தது. பார்க்கிங் முழுக்க ஆட்கள், தலையைக் குனிந்து, பையை முதுகில் போட்டு, விறுவிறு என்று. அவர் ஒருவர் மட்டும் அவர்களுக்கு நடுவில் மெல்ல மெல்ல, காது பிடியிலிருந்து நழுவிவிடாதபடி தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தார். எதிரில் ஓடி வந்த ஒருத்தி நடுவழியில் நின்றாள். அது பாப்புவின் அம்மா. அவள் குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

மேல் வீட்டு ஆன்ட்டி மறுபடி இறங்கி வந்தார். பயம் போய், ஆற்றாமை மட்டும் மிச்சம் இருந்தது.

"சரிக்கா, நல்ல ஆளாப் போச்சு. இல்லன்னா? எதை வச்சு நீங்க நம்புனீங்க?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "எங்க வீட்லயும் ஒருத்தர் அப்படி இருக்காவல்லா."

ஆன்ட்டி மேலே போய்விட்டார்.

"யாரும்மா நம்ம வீட்ல?" என்று கேட்டேன்.

"போய்க் கை கழுவிட்டுச் சாப்பிடு."

சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாப்பு தூங்குவதை அம்மா தினமும் பார்க்கிறவள் என்பதும், கோடைக்குப் பிறகு அவள் தூங்குவதைப் பார்த்தவர் அவளோடு ஒரே வீட்டில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்கு நான் வேறு ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா என்றைக்காவது ஒரு தெரியாத வீட்டு வாசலில் நின்று என்னைக் கேட்டால்? என்னைப் போல ஒரு பையன் ஸ்டூலில் ஏறி அவருக்குப் பரீட்சை வைத்தால்? என் டீச்சர் பேர் அவருக்குத் தெரியாது. எனக்குப் பால் பிடிக்காமல் போய் எவ்வளவோ நாள் ஆகிவிட்டதும் தெரியாது. ஒரு கேள்விகூடத் தேற மாட்டாரே என்று பயமாக இருந்தது.

லைனில் இன்னும் கோளாறு என்பதால் அன்றைக்கு அப்பா வழக்கத்தைவிடப் பிந்தித்தான் வருவார் என்று அம்மா என்னைப் படுக்கச் சொல்லிவிட்டாள். எனக்குச் சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்தால்தான் தூக்கம் வரும். அப்படித்தான் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தேன். தலையணையை எடுத்துக் கட்டிலின் மறுமுனையில் போட்டு, அப்பா உள்ளே வருகிற வாசலைப் பார்க்கத் திரும்பிப் படுத்து, போர்வையை முகத்திலிருந்து கழுத்துவரை இறக்கிவிட்டுக்கொண்டேன்.